ஐம்பது இலை நிவாரணம்

தன் பசிக்குச் சாப்பிடுகிறவன் சாமானியன். ஆடு மாடுகூட அதைச் செய்யும். அடுத்தவன் பசி தீரவேண்டும் என்று தான் சாப்பிடுகிறான் பாருங்கள், அவன்தான் மகான். உலகம் பூராவும் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி மூன்று பேர்தான் தேறுவார்கள். அந்த மூன்று பேரும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் திருச்சியில் ஒரே கமிட்டியில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இந்த ஊர் போன ஜென்மத்தில் செய்த புண்ணியம்.

அந்த வருஷம் ஆனி மாசம் ஃப்ளூ வந்தது. கப்பலில் மெட்ராசுக்கு வந்து, அங்கிருந்து டிக்கெட் எடுக்காமல் ரயிலேறி, திருச்சி ஜங்ஷனில் இறங்கியது என்று சொன்னார்கள். வீட்டுக்கு நாலு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டார்கள். படுக்காதவன் படுத்தவனுக்குக் கஞ்சி காய்ச்சினான். மூன்றாம் நாள் அவனும் படுத்தான். ஹோட்டல் டம்ளரில்தான் ஃப்ளூ இருக்கிறது என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான். மலைக்கோட்டை வாசலிலிருந்து மாம்பழச்சாலை வரைக்கும் இருந்த ஹோட்டல்களில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஈயை எண்ணினார்கள்.

மன்னார்புரம் முக்கில் கலீல் பாய்க்கு ஒரு சாப்பாட்டு ஹோட்டல் இருந்தது. ஓட்டுக் கூரை, ஆறு பெஞ்சு, ஒரு கல்லாப் பெட்டி. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஆட்கள்தான் அவருக்குப் பிழைப்பு. அந்த ஆட்கள் ஏழு வாரம் வரவில்லை. ஏழு வாரத்தில் வாடகை நிற்கவில்லை, வீட்டுக்காரி கமருன்னிசாவுக்கு வந்த காய்ச்சல் நிற்கவில்லை, கலீல் பாயின் இருமலும் நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பெரிய கடை வீதிச் சேட்டிடம் தேக்சாவைக் கொண்டுபோய் எழுபது ரூபாய்க்கு அடகு வைத்தார்.

தேக்சா என்றால் சும்மா பாத்திரம் இல்லை. செம்பில் அடித்து ஈயம் பூசியது. நூற்றைம்பது பேருக்கு ஒரே தம்மில் பிரியாணி இறக்கலாம். தூக்க நாலு ஆள் வேண்டும். தேக்சா இருந்தால் கலீல் பாய் ஹோட்டல்காரர். இல்லாவிட்டால் ஆறு பெஞ்சு வைத்திருக்கும் ஒரு ஆள்.

ஃப்ளூ போனது. ஒர்க்ஷாப் ஆட்கள் ஒவ்வொருவராக, கன்னம் ஒட்டிப்போய், திரும்பி வந்தார்கள். அவர்களுக்குச் சின்ன சட்டியில் பத்துப் பேருக்கு ஆக்கி, பதினோராவது ஆளிடம் "இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் பாய். இப்படி ஒரு நாளைக்குப் பத்து இலை ஓட்டினால் வாடகைகூடத் தேறாது. இந்த நேரத்தில்தான் தொட்டியத்து வாழைத்தார் மண்டி ஜெகபர் சாதிக் சொல்லியனுப்பினார். மகளுக்கு நிக்காஹ். புரட்டாசி மாசம், முதல் ஞாயிற்றுக்கிழமை. முன்னூறு பேர்.

"தேக்சா இருக்குல்ல பாய்?" என்று வந்த ஆள் கேட்டான்.

"இருக்கு," என்றார் கலீல் பாய்.

"சனிக்கிழமை காலையில வண்டியோட வர்றேன். தேக்சாவைக் கண்ணால பார்த்துட்டுத்தான் அட்வான்சு குடுக்கச் சொல்லியிருக்காரு முதலாளி."

"வாங்க வாங்க."

ஆள் போனதும் கமருன்னிசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்குன்னு சொல்றீங்களே, வாய் கூசலியா?"

"இருக்குன்னுதானே சொன்னேன்? எங்கே இருக்குன்னு அவன் கேக்கலியே!"

அந்த நிக்காஹ் ஒன்று நடந்தால் வாடகை பாக்கியும் அடையும், அடுத்த நாலு மாசமும் ஓடும். அதற்கு தேக்சா வேண்டும். தேக்சாவுக்கு வட்டியோடு எழுபத்தைந்து ரூபாய் வேண்டும். எழுபத்தைந்து ரூபாய்க்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான், ஃப்ளூ வந்த முதல் வாரத்தில் தான் ஐந்து ரூபாய் அழுதது கலீல் பாய்க்கு ஞாபகம் வந்தது.

அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஃப்ளூ வந்த முதல் வாரமே, யாருக்கும் நஷ்டம் வருமுன்னே, நஷ்டத்துக்கு நிவாரணம் கொடுக்கக் கமிட்டி போட்டுவிட்டார்கள். அதுதான் முன்யோசனை என்பது. பெயர்: 'திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம் ஹோட்டல்காரர் ஃப்ளூ நஷ்ட நிவாரணக் கமிட்டி'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து, போயும்விடும். எல்லா ஹோட்டலிலும் வசூலித்தார்கள். ஆயிரத்து இருநூறு ரூபாய் சேர்ந்தது.

தலைவர், ஸ்ரீரங்கத்து ரெங்கநாதன். உத்தர வீதிப் பக்கம் அவருக்குக் காபி, டிபன் ஹோட்டல். நெற்றியில் திருமண், காதில் கடுக்கன், கையில் எப்போதும் ஒரு தீர்மானம். பொருளாளர், சந்திரசேகர். ஜங்ஷன் அருகே லாட்ஜும் சாப்பாடும். காரியதரிசி, பாலக்கரை செபஸ்தியான். ரொட்டிக் கடை. மூவருக்கும் ஒருவருக்கொருவர் ஆகாது. ஆனால் ஊர் சேவை என்று வந்துவிட்டால் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். சும்மா பேச்சுக்குச் சொன்னேன். ரெங்கநாதன் தனி இலைதான்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியது. கலீல் பாய் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். போளியும் உருளைக்கிழங்கு போண்டாவும் வந்து போயின. அதற்குப் பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பாய், உம்ம விஷயம்தான் பாக்கி. பதினோரு ஹோட்டலுக்கு நிவாரணம் பண்ணியாச்சு. நீர் பன்னெண்டாவது. சொல்லும்."

கலீல் பாய் எழுந்து நின்றார். சுற்றி வளைத்துப் பேச அவருக்குத் தெரியாது. "எழுபத்தஞ்சு ரூவா குடுங்க சாமி. தேக்சாவை மீட்டுக்கிறேன்."

மூன்று பேர் முகமும் சுருங்கியது. சந்திரசேகர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"ரொக்கமா?" என்றார்.

"ஆமாங்க."

"பாய், உக்காருங்க. நீங்க மானஸ்தரு. நாளைக்கு ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவான்? கலீல் பாய் கமிட்டிகிட்டக் கை நீட்டினாருன்னு சொல்லுவான். அந்தக் கெட்ட பேரு உங்களுக்கு வரலாமா? நாங்க விடுவமா?"

"வரட்டுங்க. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்க, எங்களுக்கு மனசு தாங்காதே!"

"சரிங்க, கடனாக் குடுங்க."

இப்போது செபஸ்தியான் பேசினார். அவர் எதையும் யோசித்துத்தான் பேசுவார். "கடன் குடுத்தா திருப்பிக் கேக்கணும் பாய். கேட்டா மனஸ்தாபம். மனஸ்தாபம் வந்தா ஒத்துமை போயிரும். ஒத்துமைக்காகத்தானே கமிட்டி?"

"அப்ப லைசென்சு பீசையாச்சும் தள்ளிவைக்கச் சொல்லுங்க."

"மனுப் போட்டிருக்கு," என்றார் தலைவர். "அது பாட்டுக்கு நடக்கும். ஓய், கமிட்டி இதையெல்லாம் ஆராயாமலா இருக்கும்? ஆராய்ந்து ஏகமனதா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கோம். தானமும் இல்லை, கடனும் இல்லை. வியாபாரம்! ஹோட்டல்காரனுக்கு என்ன நஷ்டம்? சாப்பிட ஆள் வரலை. சரி, நாங்க வந்து சாப்பிடறோம்! நிதியிலேர்ந்து பில்லைக் கொடுக்கறோம். வெளியில ஒரு ரூபாய் விக்கிற சாப்பாட்டுக்கு 'நிவாரண விலை' இரண்டரை ரூபாய். பதினோரு ஹோட்டல்ல இப்படித்தான் நிவாரணம் பண்ணினோம்."

"அலைச்சல் கொஞ்சமா?" என்றார் சந்திரசேகர், வயிற்றைத் தடவிக்கொண்டு. "பதினஞ்சு ராத்தல் ஏறிட்டேன்."

பதினோரு ஹோட்டலும் யாருடையவை என்று கேட்கக் கூடாது. முதல் ஹோட்டல் தலைவருடையது. இரண்டாவது அவர் மைத்துனருடையது. மூன்றாவது பொருளாளருடைய லாட்ஜ். மற்றதெல்லாம் அப்படியே ரத்தபந்தம், சம்பந்தம், கூட்டாளி. ஆபத்தில் சொந்தபந்தத்தைக் கைவிடாதவன்தானே மனுஷன்?

"நிதியில மிச்சம் நூத்தி இருபத்தஞ்சு ரூபா," என்றார் சந்திரசேகர். "ரெண்டரை ரூபா கணக்குல சரியா அம்பது இலை. பூராவும் உங்களுக்குத்தான் பாய். அம்பது பேரைக் கூட்டிட்டு வர்றோம்."

கலீல் பாய் மனசுக்குள் கணக்குப் போட்டார். கறி, அரிசி, விறகு, நெய் எல்லாம் கடனுக்கு வாங்கினாலும் ஐம்பது ரூபாய். மிச்சம் எழுபத்தைந்து. அல்லாவே வந்து கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தேகம் தட்டியது அதனால்தான்.

"பணம் எப்பங்க?"

"சாப்பிட்டுக் கை கழுவின அடுத்த நிமிஷம்."

"நிச்சயமாச் சாப்பிடுவீங்கள்ல?"

மூன்று பேரும் சிரித்தார்கள். "பாய், நீங்க சமைக்கிறதைப் பாருங்க. சாப்பிடறது எங்க பொறுப்பு. அதுல எங்களுக்கு அனுபவம் இருக்கு."

நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாடி வேண்டும் என்றார் பாய். சனிக்கிழமை முடியாது, புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் மூச்சுவிட நேரமிருக்காது என்றார் தலைவர். வியாழக்கிழமை கோர்ட்டில் வாய்தா என்றார் பொருளாளர். புதன்கிழமை ரொட்டி அடுப்புக்குப் பூசு வேலை என்றார் காரியதரிசி. மிஞ்சியது வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்குங்க. தொழுதுட்டு வர ஒண்ணரை ஆயிரும்."

"பேஷா! ஒண்ணரைக்கே வர்றோம்." தலைவர் மேஜையைத் தட்டினார். முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது, நிறைவேறியது. எல்லாரும் போண்டாவில் இரண்டாவது சுற்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கமருன்னிசா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"புரட்டாசி மாசம். இந்துக்காரங்க பாதிப்பேரு கறி தொட மாட்டாங்க. அதுவும் வெள்ளிக்கிழமை. உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"அம்பது பேருல நாலு பேரு விரதமிருந்தா மிச்சம் நாப்பத்தாறு பேரு சாப்பிடுவான். கமிட்டின்னா எல்லா சாதிசனமும் இருக்கும்ல? ஒருத்தன் தின்னாட்டி இன்னொருத்தன் திம்பான்."

"எழுதி வாங்கினீங்களா?"

"வாங்கியிருக்கேன் புள்ள!" மடியிலிருந்து காகிதத்தை எடுத்து ஆட்டினார். பாய்க்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். கமருன்னிசாவுக்கு அதுவும் வராது. பக்கத்தில் சோடாக் கடை வைத்திருந்த பாப்பாயிதான் நாலாங் கிளாஸ் வரை படித்தவள். அவள் வாங்கிப் படித்தாள்.

"'மேற்படி ஹோட்டல்காரர் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஐம்பது இலைக்குக் குறையாமல் பிரியாணி, தாளிச்சா சகிதம் தயாராக வைத்திருக்க வேண்டியது. கமிட்டி எழும்வரை வெளியாருக்கு விற்கக் கூடாது. தவறினால் நிவாரணம் ரத்து.' அவ்வளவுதான் பாய்."

"அவங்க என்ன செய்யணும்னு ஒண்ணும் எழுதலியா?"

பாப்பாயி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னால வெள்ளையா இருக்கு."

இப்போது ஒரு சின்ன சிக்கல். தேக்சாவை மீட்க ஐம்பது இலை போட வேண்டும். ஐம்பது இலை போட தேக்சா வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் பாய் சேட்டுக் கடைக்குப் போனார்.

"ஒரு நாளைக்குக் குடுங்க சேட்டு. நாளைக்கு இருட்டறதுக்குள்ள பணத்தோட வர்றேன்."

"தரலாமே. வாடகை ரெண்டு ரூபா."

"என் தேக்சாவுக்கு நானே வாடகையா?"

"உன்னுதுதான், யாரு இல்லேன்னா? ஆனா என் கடையில இருக்கு. என் கடையில இருக்கிறதை வெளியே எடுத்தா வாடகை. உனக்குன்னதால ஒண்ணரை. அப்புறம் நானும் கூட வருவேன். தேக்சா பக்கத்திலயே உக்காந்திருப்பேன்."

"கறி வேகும் சேட்டு. நீங்க அந்த வாடை தாங்க மாட்டீங்களே."

"மூக்கைப் பொத்திக்குவேன். கண்ணைப் பொத்திக்க மாட்டேன்."

சொன்னபடி வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் நாலு ஆள் தேக்சாவை இறக்கினார்கள். சேட்டு அதிலிருந்து மூன்று முழம் தள்ளி ஒரு முக்காலி போட்டு, வேட்டித் தலைப்பால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். கலீல் பாய் அதைப் பார்க்காதவர் போலக் காரியத்தில் இறங்கினார். இரண்டு ஆடு. சீரகச் சம்பா. ஐம்பது என்று சொல்லிவிட்டு எழுபது பேரைக் கூட்டி வருவது இந்த ஊர் வழக்கம் என்பதால் எழுபதுக்கே போட்டார். இரண்டரை மாசமாக அடங்கிக் கிடந்த கை. வெங்காயம் சிவந்து, மசாலா சுருண்டு, கறி வெந்து, அரிசி விழுந்து, மூடிக்கு மாவு பூசித் தம் ஏறியபோது மன்னார்புரம் முக்கே தலையைத் திருப்பியது. பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டாதவர்கள் இரண்டு பேர் இறங்கினார்கள்.

"பாய், இலை என்ன விலை?"

"இன்னிக்கு விற்பனை இல்லீங்க. கமிட்டி."

வாசலில் துணியே கட்டியிருந்தார்கள். 'ஃப்ளூ நஷ்ட நிவாரண உணவு. பொதுமக்களுக்கு விற்பனை கிடையாது.' ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து நூறு பேர் அந்த வழியாகத்தான் வந்தார்கள். நூறு பேரும் நின்று, மூச்சை இழுத்து, துணியைப் படித்துவிட்டு, போனார்கள்.

ஒன்றரைக்குக் கமிட்டி வந்தது. சும்மா சொல்லக் கூடாது, சொன்ன நேரத்துக்கு வந்தது. சொன்னபடி ஐம்பது பேர். தலைவர் ஜட்காவை எதிர்ச் சாரியில் புங்க மரத்தடியில் நிறுத்தி, அங்கேயே நாற்காலி போட்டு, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பத்துப் பேர் சூழ, வீதியைத் தாண்டித் 'தலைமை வகித்தார்'. சந்திரசேகர் தன் சொந்தக்காரர்கள் இருபது பேரோடு உள்ளே வந்தார். செபஸ்தியான் பாலக்கரை மாதா கோயில் சபையிலிருந்து இருபது பேரைக் கூட்டி வந்தார். நாற்பது பேர் பெஞ்சிலும் பாயிலும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். மாவை உடைத்து மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் சேட்டு மூன்று முழத்திலிருந்து ஆறு முழத்துக்கு நகர்ந்தார். பிரியாணி விழுந்தது. தாளிச்சா விழுந்தது.

நாற்பது பேரும் இலையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

யாரும் கை வைக்கவில்லை.

"பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடுங்க," என்றார் கலீல் பாய்.

சந்திரசேகர் எதிர் வரிசையைப் பார்த்துக் கை காட்டினார். "செபஸ்தியான், ஆரம்பிங்க. நீங்கதான் முதல்ல."

"நானா? இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. வேதக்காரங்க நாங்க வெள்ளிக்கிழமை கறி தொட மாட்டோம். நீங்க ஆரம்பிப்பீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"புரட்டாசிங்க! மாசம் பூரா விரதம். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். உங்க ஆளுங்க சாப்பிடுவாங்கன்னுதானே நான் இத்தனை பேரைத் துணைக்குக் கூட்டியாந்தேன்!"

"நானும் அப்படி நெனச்சுத்தாங்க கூட்டியாந்தேன்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீதிக்கு எதிர்ப்புறம் பார்த்தார்கள். புங்க மரத்தடியிலிருந்து தலைவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அடியேனைப் பார்க்காதீங்கோ. ஸ்ரீரங்கத்துக்காரன் மாம்சம் தொடுவனா? அதுவும் இன்னிக்கு ஏகாதசி. ஜலம்கூட இல்லை. நீங்க ரெண்டு பேரும் இருக்கேளேன்னுதான் தைரியமா நாள் குறிச்சேன்!"

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று பேரும் அவரவர் விரதத்தைச் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். அடுத்தவன் விரதத்தை மறந்தார்கள், அவ்வளவுதான். அவனவன் பக்தியில் அவ்வளவு ஆழ்ந்திருந்தான்.

கலீல் பாய் கையில் கரண்டியோடு நின்றார். "இன்னிக்கு ஒரு நாளைக்கு ஆண்டவன் மன்னிப்பான்ங்க," என்றார். "ஒரு கவளம். ஆளுக்கு ஒரே ஒரு கவளம் வாயில வைங்க."

"உங்க ஆண்டவன் மன்னிப்பான் பாய். எங்க சாமியார் மன்னிக்கணுமே!" என்றார் செபஸ்தியான்.

வெயில் ஏறியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாகமெடுத்தது. பாப்பாயி கடையிலிருந்து கோலி சோடா ஐம்பது பாட்டில் வந்தது. மூன்று ரூபாய் இரண்டணா. நிதியிலிருந்து அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார்கள். ஏகாதசி என்றாலும் சோடா ஜலமில்லை, வாயு என்று தலைவர் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு அவரும் குடித்தார். பாப்பாயி பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே பாயைப் பார்த்தாள். "உங்களுக்கு நிவாரணம்னு சொல்லிட்டு எனக்கில்ல குடுக்கிறாங்க?"

நிழற்படக்காரர் வந்தார். 'கமிட்டி உணவருந்தும் காட்சி' எடுக்க வேண்டும். "இலையில கை வைங்க," என்றார். யாரும் வைக்கவில்லை. கடைசியில் நாற்பது பேரும் கையை இலைக்கு இரண்டு அங்குலம் மேலே அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார்கள். சோற்றை ஆசீர்வாதம் செய்வது போல இருந்தது. அந்தப் படம் பிற்பாடு அறிக்கையில் அச்சாயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் பக்திமயமான கூட்டம் என்று சொன்னார்கள்.

மூன்று மணி ஆயிற்று. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஃப்ளூவில் படுத்து எழுந்த ஒர்க்ஷாப் ஆட்களும் அதில் இருந்தார்கள்.

"கமிட்டி எந்திரிச்சா நான் இவங்களுக்காச்சும் வித்துக்குவேன்," என்றார் பாய். "ரெண்டரை வேணாம். ஒரு ரூவாய்க்கே விக்கிறேன். எந்திரிங்க சாமி."

தலைவருக்கு மனசு இளகியது. மகானாயிற்றே. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, கணீரென்று அறிவித்தார்:

"மகாஜனங்களே! நிவாரண உணவை விற்பது தர்மம் ஆகாது. ஃப்ளூவில் கஷ்டப்பட்ட உங்களுக்கு இதைக் கமிட்டியின் உபயமாக இலவசமாய் வழங்குகிறோம்!"

அதற்குப் பிறகு நடந்ததைப் பாய் சரியாகப் பார்க்கவில்லை. யாரோ கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்கள். கால் மணி நேரத்தில் தேக்சாவின் அடி தெரிந்தது. "கமிட்டி வாழ்க" என்று யாரோ கத்தினான். ஒருவன் கலீல் பாயிடமே வந்து, "பிரியாணி பிரமாதம் பாய், கமிட்டிக்காரங்க நல்லா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு, பீடிக்கு நெருப்புக் கேட்டான்.

பாய் சந்திரசேகரின் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்த மாதிரி நின்றார். "நூத்தி இருபத்தஞ்சு ரூவா."

"எதுக்கு பாய்?"

"அம்பது இலைக்கு!"

"நாங்க சாப்பிடலியே. உறுப்பினர் சாப்பிட்டாத்தான் பில்லு. சாப்பிடாததுக்குக் காசு குடுத்தா நாளைக்கு ஆடிட்டர் என் கழுத்தைப் பிடிப்பாரே!"

"அப்ப சாப்பிட்டவங்ககிட்ட வாங்கிக் குடுங்க."

"அது தானம் பாய். தானம் பண்ணிட்டுக் காசு கேட்டா பாவமில்லையா?"

"தானம் யாரு பண்ணினது?"

"கமிட்டி."

"சோறு யாரோடது?"

"பாய், அப்படியெல்லாம் பிரிச்சுப் பேசக் கூடாது. ஒத்துமை போயிரும்," என்றார் செபஸ்தியான். ஆனால் அவர் பாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காலியான இலையைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டக் குறிப்பு அங்கேயே எழுதப்பட்டது. 'திரு. கலீல் அவர்களின் ஹோட்டலில் கமிட்டி முழுமையாகக் கூடி, ஐம்பது இலை பரிமாறப்பட்டு, ஏழைகளுக்கு அன்னதானம் சிறப்பாக நடைபெற்றது. நிதியில் மிச்சமுள்ள தொகையை நிழற்படம், ஜட்கா, அறிக்கை அச்சடிப்பு ஆகியவற்றுக்குச் செலவிட ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பன்னிரண்டு ஹோட்டல்களுக்கும் நிவாரணம் பூர்த்தி.' கீழே கலீல் பாயிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போடவில்லை. சாட்சிக்குச் சேட்டைக் கேட்டார்கள். அவர் மூக்கிலிருந்து துணியை எடுக்காமலே போட்டார்.

சாயங்காலம் நாலு ஆள் தேக்சாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். கமருன்னிசா அதைத் தேய்த்துக் கழுவித்தான் கொடுத்தாள். அழுக்கோடு கொடுத்தால் அதற்கும் சேட்டு ஏதாவது போடுவார் என்று பயம்.

"வாடகை ஒண்ணரை ரூபா?" என்றார் சேட்டு.

"எழுதிக்குங்க," என்றார் பாய்.

சனிக்கிழமை காலையில் தொட்டியத்து ஆள் வண்டியோடு வந்தான். ஆறு பெஞ்சைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். பாயைப் பார்த்தான்.

"தேக்சா எங்க பாய்?"

இந்தத் தடவை அவன் சரியாகக் கேட்டான். பாய் இருக்குமிடத்தைச் சொன்னார். அவன் நேரே பெரிய கடை வீதிக்குப் போய், சேட்டிடம் வாடகைக்குத் தேக்சாவை எடுத்து, பாலக்கரையில் வேறொரு சமையல்காரரைப் பிடித்து, தொட்டியத்துக்குப் போய்விட்டான். நிக்காஹ் ஜோராக நடந்ததாம். பிரியாணிதான் கொஞ்சம் அடிபிடித்துவிட்டது என்று கேள்வி. அந்தத் தேக்சாவுக்கு நெருப்பு வைக்கிற பக்குவம் எல்லாருக்கும் வருமா?

கறிக்கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்தார். அரிசி மண்டிக்காரர் மூன்று வாரம் பொறுத்தார். கட்டிடத்துக்காரர் பொறுக்கவில்லை. பெஞ்சுகளில் நாலை விற்றார்கள். இரண்டைப் பாப்பாயி எடுத்துக்கொண்டு, கேட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாள். ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் கலீல் பாய் கதவைச் சாத்திப் பூட்டு மாட்டினார். பிறகு உப்பிலியபுரத்துப் பக்கம் ஒரு நெல் மில்லில் மூட்டைக்கு எண்ணிக்கை சொல்லும் வேலைக்குப் போனார். சமைக்கச் சொல்லிக் கேட்ட யாரிடமும் தனக்குச் சமையல் தெரியும் என்று அவர் சொல்லவில்லை.

கார்த்திகையில் மெட்ராசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. உங்கள் வட்டாரத்தில் ஃப்ளூவினால் எத்தனை ஹோட்டல்கள் மூடப்பட்டன, எண்ணிக்கை தரவும். கமிட்டி கூடியது. அடை, அவியல். செபஸ்தியானுக்கு மட்டும் அன்று அடை இறங்கவில்லை.

"மன்னார்புரத்துல கலீல் பாய் கடை பூட்டிக் கிடக்குதுங்களே," என்றார். "அதை எழுத வேணாமா?"

தலைவர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தார். "ஓய், ஃப்ளூ எப்போ போச்சு?"

"ஆடியில."

"பாய் எப்போ மூடினார்?"

"ஐப்பசியில."

"அப்போ எப்படி ஃப்ளூவால மூடினதாகும்? பொய் எழுதலாமோ? கமிட்டி இதுவரைக்கும் ஒரு பொய் எழுதியிருக்கா?"

'ஃப்ளூவினால் மூடப்பட்ட ஹோட்டல்கள்: இல்லை' என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அறிக்கை இன்னும் எங்காவது ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும். யாராவது தூசி தட்டி எடுத்தால் அந்த வரியை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அந்தக் கமிட்டி எழுதியதிலேயே அது ஒன்றுதான் சுத்தமான உண்மை. ஏழு வாரம் என்ன பாடுபட்டும் கலீல் பாய் கடையை மூட ஃப்ளூவால் முடியவில்லை.